பிரெட்டு மூலையக் காணோம்

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக் ஒருவன் லிஃப்டே இல்லாத கட்டடத்தில், அதுவும் நாலாவது மாடியில் குடியிருந்தான் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவன் மனைவியே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். காய்கறிப் பையோடு மூச்சு வாங்க ஏறி வந்து, கடைசிப் படியில் பொத்தென்று உட்கார்ந்துகொண்டு, "ஊரையே மேல தூக்கி விடுற, எங்கள ஒரு மாடி தூக்கி விட வக்கில்லையா உனக்கு?" என்பாள். இப்போது அந்தப் படியில் உட்கார ஆளில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று மேஜையில் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்திரண்டு வயசு. சாகிற வயசா அது?

இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு எட்டு வயசு. விஷயம் புரிந்து, அழுது, இப்போது வீட்டில் சத்தமே போடாமல் நடக்கிறவள். சின்னவனுக்கு நாலு. ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுவதால் அவனுக்கு அம்மா வைத்த பெயர் சுண்டெலி. அந்தச் சுண்டெலிதான் இப்போது பிரச்சினை. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்புகிற மதியச் சாப்பாட்டை அப்படியே மூடித் திருப்பிக் கொண்டுவருகிறான். காலையில் பாலில் தோய்த்து இரண்டு பிஸ்கட், ராத்திரி நாலு வாய் சோறு, அதோடு சரி. தினமும் டப்பாவைத் திறந்து பார்ப்பானாம், மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்துகொள்வானாம். "அடம் பிடிக்கிறதில்ல சார், அழுறதும் இல்ல. பாத்துட்டு மூடிடுறான்" என்று மிஸ் சொன்னார். இரண்டு கிலோ இறங்கிவிட்டான். நாலு வயசுப் பிள்ளைக்கு இரண்டு கிலோ என்பது சும்மாவா?

அப்பன்காரன் தலைகீழாக நின்று பார்த்தான். வெண்ணெய் தடவினான், ஜாம் தடவினான், முட்டையை வட்ட வட்டமாக அறுத்து வைத்தான், வாழைப்பழத்தில் கண்ணும் மூக்கும் குத்தினான். அவன் கை தொழில் தெரிந்த கை. பிரெட்டின் ஓரத்தை அவன் நறுக்கினால் ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் கோணல் இருக்காது. நாலு மூலையும் கச்சிதமாக அந்தப் பிரெட் காலையில் போகும், கச்சிதமாகச் சாயங்காலம் திரும்பி வரும்.

விஷயம் பிள்ளைகளின் பெரியம்மா காதுக்குப் போனது. செத்துப்போனவளின் அக்கா. ஆறு மணி நேரப் பயணத்தில் வேறு ஊர். நல்ல மனுஷிதான், பாசக்காரி. ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் குறுக்கே யாரும் பேச முடியாது. போனில் சொல்லிவிட்டாள்: "தம்பி, உங்கள நான் குத்தம் சொல்லல. வெள்ளிக்கிழமை வரேன். அதுக்குள்ள அவன் சாப்பிட ஆரம்பிச்சா சரி, இல்லன்னா ஒரு வருஷம் என்கிட்ட இருக்கட்டும். தங்கச்சி போனது போதும், அவ பிள்ளையையும் என்னால பறிகொடுக்க முடியாது."

"சரி அண்ணி" என்றான். வேறென்ன சொல்வான்? போனை வைத்துவிட்டுச் சமையலறைச் சுவரைப் பார்த்தபடி நின்றான். மனைவி போனாள். இப்போது பிள்ளையும் போகப்போகிறான். போக வேண்டாம் என்று சொல்ல அவன் கையில் காலியான ஒரு டப்பா கூட இல்லை.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் சுண்டெலி வீடு முழுக்கத் தேடிவிட்டு, "அம்மா எங்க?" என்று கேட்டான். பெரியம்மாதான் அவனை வாரி மடியில் போட்டுக்கொண்டு, "அம்மா ஊருக்குப் போயிருக்காடா தங்கம், வந்துடுவா" என்றாள். அப்பன்காரன் பக்கத்தில்தான் நின்றான். நின்று, வாயை மூடிக்கொண்டிருந்தான். இத்தனைக்கும் தொழிலில் அவனுக்கு ஒரு கறார் உண்டு. லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், "இதோ அஞ்சே நிமிஷம்" என்று ஒருநாளும் சொல்ல மாட்டான். "முக்கால் மணி நேரம் ஆகும், உக்காந்துக்குங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்பான். உள்ளே இருக்கிறவனிடம் பொய் சொன்னால் ஆறாவது நிமிஷம் கதவை உடைக்கப் பார்ப்பான், சாவான் என்பது அவன் அனுபவம். ஊரார் பிள்ளைக்கெல்லாம் உண்மை, தன் பிள்ளைக்கு மட்டும் பொய். என்ன மனுஷனோ.

புதன்கிழமை சாயங்காலம் திரும்பி வந்த டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தான். பெரியவள் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சொன்னாள்: "அப்பா, நீ கடிக்கவே மாட்டேங்கிற. அதான்."

"எத?"

"பிரெட்ட. அம்மா டப்பாவுல வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூலைய லபக்குனு கடிச்சிட்டுத்தான் வைப்பா. எனக்கும் வைப்பா, அவனுக்கும் வைப்பா. அதுக்கு ஒரு பாட்டு இருக்கு."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது வருஷக் குடித்தனம். இப்படி ஒன்று நடந்ததே அவனுக்குத் தெரியாது. காலை ஏழு மணிக்கெல்லாம் ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறவனுக்கு எப்படித் தெரியும்? "பாடு" என்றான்.

பெரியவள் கையிலிருந்த துணியைப் பிசைந்தபடி மெதுவாகப் பாடினாள்.

"மூலையக் காணோம், மூலையக் காணோம்,
பிரெட்டு மூலையக் காணோம்!
பூனை கடிச்சதா? இல்ல இல்ல!
எலி கடிச்சதா? இல்ல இல்ல!
யாரு கடிச்சா? யாரு கடிச்சா?"

அதோடு நிறுத்தித் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் ஒரு வரி இருக்குப்பா" என்றாள்.

"போதும்டா கண்ணு, போதும்" என்று ஈரக் கையோடு அவளை அணைத்துக்கொண்டான். அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கடைசி வரியைக் கேட்க அவனுக்குப் பொறுமை இல்லை. அவள் அழுதுவிடுவாள் என்கிற பயம் வேறு. கேட்டிருக்கலாம், படுபாவி. ஒரே ஒரு வரி.

வியாழக்கிழமை காலையில் பிரெட்டில் ஓரத்தை நறுக்கவில்லை. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, மூலையில் ஒரு கடி கடித்தான். ரொம்பப் பெரிசாகப் போய்விட்டதே என்று அதைத் தானே தின்றுவிட்டு, இன்னொரு ஜோடி எடுத்து, உதட்டைக் குவித்துச் சின்னதாகக் கடித்தான். அவன் மனைவி வாய் எவ்வளவு அகலம் என்று யோசித்தான். யோசிக்க யோசிக்க முகம் கலங்கிக்கொண்டே வந்தது. டப்பாவை மூடிவிட்டான்.

மதியம் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி நிற்கும்போது போன் அடித்தது. மிஸ். "சார், இன்னிக்கு முழுசும் சாப்பிட்டான் சார்! முட்டை, வாழைப்பழம், ஒண்ணு விடல. டப்பாவத் திறந்ததும் எந்திரிச்சு நின்னு பாட்டே பாடிட்டான். கிளாஸே சேர்ந்து பாடுச்சு!" கிரீஸ் கையோடு கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கறுப்பு. துடைத்த கையோடு அண்ணிக்குப் போன் போட்டு, "அண்ணி, சாப்பிட்டுட்டான்! முழுசும்!" என்று கத்தினான். குழிக்குள் அது நாலு தடவை எதிரொலித்தது.

ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தான். சுண்டெலி வழியெல்லாம் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடி வந்தான். நாலு மாடியையும் ஒரே மூச்சில் ஏறினான். கதவைத் திறந்ததுதான் தாமதம், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்ந்து, கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். இல்லை. கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தான். இல்லை. துணி அலமாரியைத் திறந்தான். குளியலறைத் திரையை விலக்கினான். முகமெல்லாம் சிரிப்பு. மறுபடி கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தான்.

"என்னடா தேடுற?" என்றான் அப்பா.

"அம்மா வந்துட்டா! பிரெட்ட கடிச்சிருந்தாளே! எங்க ஒளிஞ்சிருக்கா? நீ சொல்லாத, நானே கண்டுபிடிக்கிறேன்!"

அப்பன்காரன் பெரியவளைப் பார்த்தான். அவள் புத்தகப் பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றாள். கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர். "அதான் கடைசி வரி" என்றாள். "யாரு கடிச்சா, யாரு கடிச்சா, வீட்டுக்கு வந்து கண்டுபிடி. நான் இவனக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி அம்மா கடையிலேர்ந்து வந்து ஒளிஞ்சுக்குவா. இவன் கண்டுபிடிச்சு, வாயத் திறக்கச் சொல்லி, பிரெட்டுத் தூள் இருக்கான்னு பாப்பான்."

அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. பிள்ளை அடம் பிடிக்கவில்லை. காத்திருந்திருக்கிறான். மூன்று மாதமாகத் தினமும் டப்பாவைத் திறந்து, அம்மா வந்துவிட்டாளா என்று பார்த்திருக்கிறான். நாலு மூலையும் முழுசாக இருந்தால் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். மூடி வைத்துவிட்டு மறுநாளுக்குக் காத்திருந்திருக்கிறான்.

சுண்டெலி இப்போது சமையலறையில் அரிசி டின்னுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு பூனை ஒளிகிற இடம்கூட இல்லை.

அப்பன்காரன் தரையில் உட்கார்ந்தான். பிள்ளையை இழுத்து எதிரே நிறுத்தினான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற குரல் எங்கே போயிற்று என்று தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. "கண்ணா, அந்த பிரெட்ட கடிச்சது நான்தான்."

"பொய். அம்மா."

"நான்தான்டா. நீ சாப்பிடணும்னு கடிச்சேன். அம்மா ஊருக்குப் போகலடா. அம்மா செத்துப் போயிட்டா. இனிமே வர மாட்டா. அம்மாவுக்கு வரணும்னு ஆசைதான், ஆனா வர முடியாது. உன்கிட்ட அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு பண்ணிட்டேன்."

சுண்டெலி சிரிப்பை விடவில்லை. சட்டென்று இரண்டு கையாலும் அப்பாவின் வாயைப் பிளந்து உள்ளே பார்த்தான். ஒவ்வொரு பல்லாக விரலால் தடவினான். பிறகுதான் முகம் கோணியது. "நீ ஏன் கடிச்ச? நீ ஏன் கடிச்ச?" என்று அப்பாவின் நெஞ்சில் இரண்டு முஷ்டியாலும் குத்தினான். அவன் குத்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குத்திக் குத்திக் கை ஓய்ந்து, மூன்று மாதமாக அழாத அழுகை அத்தனையும் அழுது, செருப்போடு அப்பா மடியிலேயே தூங்கிப்போனான். பெரியவள் வந்து தம்பியின் செருப்பைக் கழற்றினாள். சாயங்கால வெளிச்சம் இன்னும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் அறைக்குள் போய்ச் சின்னவனின் சட்டைகளை ஒரு பையில் மடித்து வைத்தான். நேற்றுச் சாப்பிட்டதற்கும் இனி மதிப்பில்லை. அது பொய்க்குச் சாப்பிட்ட சாப்பாடு. மூன்று டப்பாவிலும் முழுப் பிரெட்டை வைத்தான். அப்பன்காரனுக்கும் அதே சாப்பாடுதான். கடிக்கவில்லை, ஓரமும் நறுக்கவில்லை. சுண்டெலி வீங்கின கண்ணோடு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பன்காரன் குளிக்கப் போய்த் திரும்பியபோது மூன்று டப்பாவும் மூடியிருந்தன.

மதியம் ஒன்றரை மணிக்குப் பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்தான். பிரெட்டில் ஒரு மூலையைக் காணோம். சின்ன வாய். மேல்வரிசையில் நாலு பல், கீழே நாலு பல், அரிசி அரிசியாக அச்சு.

அதை மடியில் வைத்துக்கொண்டு அவன் அழுத அழுகை மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டாலும் என்ன? பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பிரெட்டைத் தூள் விடாமல் தின்றான்.

அன்று பெரியம்மாவே பள்ளிக்கூடத்துக்குப் போய் இருவரையும் கூட்டி வந்துவிட்டாள். அவன் வேலை முடிந்து நாலு மாடி ஏறி வந்தபோது, அவள் கூடத்தில் அந்தச் சட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் பெரியவள். மேஜைமேல் சுண்டெலியின் டப்பா திறந்து கிடந்தது. முட்டை அப்படியே இருந்தது. பிரெட்டில் பாதி போயிருந்தது. பாதிதான். ஆனால் அதைச் சாப்பிட்டவனிடம் யாரும் பொய் சொல்லியிருக்கவில்லை.

"அவன் எங்க அண்ணி?" என்று கேட்டான்.

கேட்கும்போதே பார்த்துவிட்டான். கதவுக்குப் பின்னால், அவன் அம்மா எப்போதும் ஒளிந்து நின்ற இடத்தில், கதவடியில் பத்துச் சின்னக் கால்விரல் தெரிந்தது. பெரியம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இங்க யாரும் இல்லையே தம்பி" என்றாள் கடைசியில். தோளிலிருந்த பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். "நீங்களே தேடிக் கண்டுபிடிங்க."

அவன் ஸ்பானர் பையை இறக்கி வைத்துவிட்டு, முதலில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.