பதினோராம் பாகத்தில் ஒரு குரல்

அந்தக் காட்சியைப் பார்த்து அனுஷியா அழுதிருந்தாள். அழுததால்தான் பிழை கண்ணில் படாமல் போனது என்று வியாழக்கிழமை மத்தியானம் வரை அவளுக்குத் தெரியாது.

இலங்கையின் மாத்தளைப் பக்கம், யட்டவத்த டவுனுக்கு மேலே, மிளகுத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில், அம்மா சுந்தரம்மாவின் தையல் மேசைதான் அவளுடைய ஆபீஸ். ஜப்பானில் ஒரு வீடியோ கேமை வைத்து எடுத்த பன்னிரண்டு பாக அனிமே தொடருக்கு ஆங்கிலக் குரல் கொடுத்து, ப்ளூ-ரே இறுவட்டாக வெளியிட லண்டனில் ஒரு கம்பெனி ஆயத்தம் செய்துகொண்டிருந்தது. காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் எழுத்து ஓடுமே, அதைக் குரலோடு ஒப்பிட்டுத் திருத்துவது அவள் வேலை. இது அவளுக்குக் கிடைத்த முதல் முழுத் தொடர். திங்கட்கிழமை கடைசி பாகத்தையும் அனுப்பிவிட்டு, மூன்று நாளாக நிம்மதியாக இருந்தாள்.

அன்று காலையில் அடித்த காற்றில் கரண்ட் போய்விட்டிருந்தது. பொழுது போகாமல் ஷெனாலிக்கு ஃபோன் எடுத்தாள். உயர்தர வகுப்பில் ஒன்றாகப் படித்த ஷெனாலி இப்போது மாத்தளையில், ஃபோன், இன்டர்நெட் வசதி தரும் கொமியூனிகேஷன் கடை நடத்துகிறாள். அந்த கேமை இரண்டு தடவை விளையாடி முடித்தவளும் அவள்தான்.

"அந்தச் சின்னத் தங்கச்சி கடைசியில பேசுறப்போ நீயும் அழுதியா?" என்று அனுஷியா கேட்டாள்.

"எந்தத் தங்கச்சி? ஊமைப் புள்ளையா? அவ எங்க பேசுறா? கடைசி வரைக்கும் பேச மாட்டா. அக்கா சாகுறப்போகூட வாயத் தொறக்க மாட்டா. கதையே அதுதானேடி."

லைன் அத்தோடு அறுந்தது. டவருக்கும் கரண்ட் தீர்ந்துவிட்டது போல.

அனுஷியா மடிக்கணினியைத் திறந்தாள். பற்றரி கொஞ்சம் இருந்தது. பதினோராம் பாகம். மழையில் முதுகைக் காட்டி நிற்கும் சிறுமி. விம்மலுக்கு நடுவே ஒரு பெண் குரல்: 'தயவுசெய்து, என்னால் முடியவில்லை. ஒரு நிமிஷம் கொடுங்கள்.' இத்தனை பாகமாக வாய் திறக்காத பிள்ளை பேசிவிட்டது என்று நினைத்துத்தான் அவள் அழுதாள். வசனத் தாளில் அந்த வரி இல்லை. தாளில் இல்லாத எதைக் கேட்டாலும் குறித்து அனுப்பவேண்டும் என்பது கம்பெனியின் விதி. அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வரியைத் தானே தட்டச்சுச் செய்து சேர்த்துவிட்டாள்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அது சிறுமியின் குரலே இல்லை. அக்காவாக நடித்தவளின் குரல். அதுவும் நடிப்பு இல்லை. ஒலிப்பதிவு அறையில் அந்தப் பெண் நிஜமாகவே உடைந்து, யாரிடமோ அவகாசம் கேட்டிருக்கிறாள். வெட்டி எறிந்திருக்கவேண்டிய துண்டு தவறிப்போய் உள்ளே தங்கிவிட்டது.

லண்டனில் பத்து மணிக்கு, இங்கே இரண்டரைக்கு, எல்லாம் இறுவட்டு அச்சுக்குப் போகும் என்று கடைசி மெயிலில் இருந்தது. இப்போது மணி பன்னிரண்டே முக்கால்.

"அம்மா, நான் மாத்தளைக்குப் போகணும். இங்க லைனே இல்ல."

சுந்தரம்மா காயவைத்த மிளகை அள்ளிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்த வெள்ளைக்காரங்க யாரும் கண்டுபிடிக்கலயா?" என்றாள்.

"இல்ல."

"நீயே போய்ச் சொன்னா வேலய விட்டுத் தூக்கிருவாங்களா?"

"தூக்கலாம்மா. என் பெழதானே."

சுந்தரம்மா அள்ளிய மிளகைச் சாக்கில் கொட்டினாள். பிறகு உள்ளே போய்க் குடையை எடுத்து வந்து நீட்டினாள். "அந்தப் புள்ள அழுவுறத ஊரெல்லாம் போட்டுக் கேக்க விடலாமா? வெரசாப் போ."

ஊர்க்காரர் ஹாஷிம் நானாவின் த்ரீவீல் ஆட்டோ சந்தியில் நின்றது. அதில் ஏறிக்கொண்டாள். இரண்டு மைல் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே பெரிய பலாமரம் ஒன்று விழுந்து கிடந்தது. நான்கு பேர் வாள் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். "ஹவஸ் வெனக்கங் பே" என்றார் அவர்களில் ஒருவர் சிங்களத்தில். சாயங்காலம் வரை வழி திறக்காது.

"நானா, வேற ரோடு இல்லயா?"

"சுத்திப் போனா மூணு மணியாகும் தங்கச்சி. ஒண்ணு செய்யுங்க, மரத்துக்கு அடியால அந்தப் பக்கம் போங்க. அங்க திரும்பிப் போற வேன் ஏதாவது நிக்கும்," என்றார் ஹாஷிம்.

கணினிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் கிளைகளுக்குள் குனிந்து புகுந்தாள். பால் பிசின் தலைமுடியில் ஒட்டியது. மறுபக்கம் திரும்பிக்கொண்டிருந்த மரக்கறி லொறி ஒன்றில், டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். மாத்தளை மணிக்கூட்டுச் சந்தியில் இறங்கி, கொட்டத் தொடங்கிய மழையில் ஓடியபோது மணி இரண்டு ஐந்து.

ஷெனாலியின் கடையில் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. பதினோராம் பாகம், எந்த நிமிஷம், எந்த வினாடி, என்ன குரல், தான் செய்த பிழை என்ன, எல்லாவற்றையும் ஆறு வரியில் எழுதி மெயில் அனுப்பினாள்.

"அவங்க மெயில் பாக்கலன்னா?" என்றாள் ஷெனாலி. "கோல் எடு."

லண்டனில் வேலைகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஹெலனோடு அனுஷியா அதுவரை ஒரு தடவைகூடப் பேசியதில்லை. மணி அடித்தது. ஹெலனே எடுத்தாள். அனுஷியாவின் நாக்கு இரண்டு தடவை குழறியது. மழையில் ஓடிவந்த கதையையும் சேர்த்துச் சொல்லி முடித்ததும் மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அந்த விம்மல், பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, ஃபோன் வழியாக மெலிதாக வந்தது.

"ஐயோ கடவுளே," என்றாள் ஹெலன் ஆங்கிலத்தில். "லைனை வைக்கிறேன். நானே திரும்ப எடுக்கிறேன்."

பதினேழு நிமிஷம். ஷெனாலி கொடுத்த பிளேன்டீ கையிலேயே ஆறியது. வேலை போய்விட்டால் பழையபடி கார்மன்ட்ஸ் ஆலைக்குத் தைக்கப் போகலாம், அங்கே தெரிந்த சூப்பர்வைசர் இன்னும் இருப்பார் என்று அனுஷியா யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஃபோன் அடித்தது.

"நிறுத்திவிட்டோம்," என்றாள் ஹெலன். "இங்கே மூன்று பேர் கேட்டு ஒப்பமிட்டிருக்கிறோம், நானும் ஒருத்தி. எல்லோரும் நல்ல நடிப்பு என்று நினைத்துவிட்டோம்." பிறகு, "குறித்து அனுப்பாதது உங்கள் பிழைதான். அடுத்த தொடரில் அப்படிச் செய்யாதீர்கள்," என்றாள்.

அடுத்த தொடர். அந்த இரண்டு சொல்லும் காதில் விழுந்ததும் அனுஷியா வாசலுக்கு வந்தாள். கடை வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஷெனாலி பயந்துபோய் ஓடி வந்தாள். "என்னடி, தூக்கிட்டாங்களா?"

"இல்லடி," என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. "பசிக்குது. ரோல்ஸ் ஏதாச்சும் வாங்கித் தா."

சனிக்கிழமை காலை, வீட்டுக்குக் கரண்ட் வந்த பிறகு, ஹெலன் ஒரு குரல் செய்தியை அனுப்பியிருந்தாள். பேசியது, அக்காவாகக் குரல் கொடுத்த அந்த நடிகை. அந்தக் காட்சியைப் பதிவு செய்ததற்கு முந்தின வாரந்தான் அவளுடைய தாயை அடக்கம் செய்திருந்தார்களாம். ஒப்பந்தத்துக்காக வந்து நின்றவள், மைக்கின் முன்னால் உடைந்துபோனாள். அழித்துவிடுகிறோம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். 'அது என் அம்மாவுக்காக அழுத அழுகை. கடையில் விற்கிற அழுகை இல்லை. யாரென்று தெரியாத எனக்காக நீங்கள் மழையில் ஓடியதாக ஹெலன் சொன்னாள்,' என்று சொல்லி, மூக்கை உறிஞ்சி, லேசாகச் சிரித்தாள்.

சுந்தரம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது.

"அழுவுறாளா, சிரிக்கிறாளா?"

"ரெண்டுந்தான்மா."

"என்னா சொல்றா?"

அனுஷியா ஒவ்வொரு வரியாக நிறுத்தி, தமிழில் சொன்னாள். சுந்தரம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் புள்ளக்கி அப்பாவாச்சும் இருக்காராமா? கேளு," என்றாள்.