இரண்டு ஆமைகள், ஒரே வெட்டு

1

இந்தக் கதை எனக்குச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கிடைத்தது. காப்பி பொங்கி அடுப்பில் வழிந்ததுகூடத் தெரியாமல் நின்று கேட்டேன். பாதி கேட்டது, மீதி நான் வார்த்தது.

முதல் தொடக்கம்: "பிரேயஸ் துறைமுகத்தில் அன்று காற்று பலமாக..."

வேண்டாம். துறைமுகத்தில் என்றைக்குத்தான் காற்று இல்லை?

இரண்டாவது: "எவாந்தியாவின் கண்ணுக்குப் பொய் தப்பாது." மிடுக்கு ஜாஸ்தி. அடித்துவிட்டேன், ஆனால் உண்மை. எவாந்தியா என் பெரியம்மா. ஏதென்ஸில் பழங்காசு விற்கும் கடையில் வேலை. வந்து சேரும் பழைய கிரேக்க வெள்ளிக்காசுகளில் எது அசல், எது போலி என்று உருப்பெருக்கி வைத்துச் சொல்ல வேண்டும். கதைக்குள் அவளைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறேன். நேரில் எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

2

எகினா தீவிலிருந்து கப்பலில் வந்த தங்கை ஸ்தமாத்தியா (என் அம்மா), பிஸ்தாப் பையை எவாந்தியா வீட்டு மேசைமேல் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு வெள்ளிக்காசை எடுத்தாள்.

"அக்கா, இதுல ஒரு ஓட்டை போட்டுக் கொடு. பொண்ணு சங்கிலியில கோத்துப் போட்டுக்கட்டும்."

"பழங்காசுல ஓட்டையா? ஏண்டி, உனக்குப் புத்தி..."

எவாந்தியா பாதியில் நிறுத்தினாள். காசில் எங்கள் தீவின் பழைய முத்திரையான ஆமை. அதன் இடது முன்துடுப்பில் ஒரு வெட்டு. உள்ளேயும் வெள்ளிதானா என்று பார்க்க அந்தக் காலத்து வியாபாரி எவனோ உளி வைத்தது. (போலியைப் பற்றிய பயமும் காசைப் போலவே பழையது.)

"இதை யாரு கொடுத்தா?"

"அப்பாதான், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி. கிணறு தோண்டுறப்போ கிடைச்சது, அசல், அக்காகிட்ட மூச்சு விடாதேன்னாரு. நீ வருத்தப்படுவியாம்."*

எவாந்தியா உள்ளே போய் ஒரு கைக்குட்டை முடிச்சோடு வந்தாள். அவிழ்த்தாள். அதே ஆமை. அதே துடுப்பு. அதே வெட்டு.

"என்கிட்டயும் அதையேதான் சொன்னாரு. நீ வருத்தப்படுவியாம்."

* கிணற்றில் கிடைத்ததை அரசாங்கத்திடம் ஒப்படைத்திருக்க வேண்டும். தாத்தா செத்துப்போய்விட்டார், விட்டுவிடுங்கள்.

3

அந்தக் காலத்தில் ஒவ்வொரு காசையும் சுத்தியலால் கையாலேயே அடித்தார்கள். எந்த இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. இரண்டில் ஒரே வெட்டு இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றொன்றை வார்த்திருக்கிறார்கள். அல்லது எங்கேயோ இருக்கும் மூன்றாவதைப் பார்த்து இரண்டையும்.

"பல் கட்டுற பந்தெலிஸ்!" என்றாள் ஸ்தமாத்தியா. "அப்பாவோட கூட்டாளி அவருதானே. ஊர்ப் பல்லு பூரா அவரு வார்த்ததுதான்."

"பாதிரியார் பாடுறப்போ பல்செட்டு கழண்டு விழுந்துச்சே, அதுவும் அவரு வார்த்ததுதான். காசை மட்டும் எப்படிடீ இவ்வளவு நல்லா வார்த்தாரு?"

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். காப்பி பொங்கியது இப்போதுதான்.

இந்த இடத்தில் "எவாந்தியா விம்மி..." என்று எழுதியிருந்தேன். பெரியம்மா விம்ம மாட்டாள். அவள் சொன்னது இது:

"ஊரான் காசையெல்லாம் லென்ஸ்ல பார்க்கிறேன். இதை ஒரு தடவைகூட பார்த்ததில்ல. பார்த்தா வெறும் காசாயிடும்னு விட்டுட்டேன்."

"இப்பப் பாரேன்."

"பார்த்தா நம்மள்ல ஒருத்தி தோத்துடுவா."

"நான்தான் செல்லம்னு இத்தனை வருஷம் நினைச்சுட்டிருந்தேன். பாரு, அக்கா. தெரிஞ்சுடட்டும்."

4

இங்கே பிஸ்தாவைக் கொண்டுவர வேண்டும். மேசைமேல் சும்மாவா வைத்தேன்?

ஆகஸ்டு அறுவடையில், பிசின் மணக்கும் விரல்களை மூடி, தாத்தா இவர்களிடம் இரண்டு கைகளையும் நீட்டுவாராம். எந்தக் கை? சரியாகச் சொன்னால் பிஸ்தா.

"நான் தப்பாவே சொன்னதில்ல," என்றாள் ஸ்தமாத்தியா.

"நானுந்தான்."

எவாந்தியா பையிலிருந்து ஒரு பிஸ்தாவை எடுத்து உடைத்தாள்.

"நீ என்னிக்காவது மத்த கையை விரிக்கச் சொன்னியா?"

"எதுக்கு? தின்னுட்டு ஓடிடுவேன்."

5

எவாந்தியா இரண்டு காசையும் ஜன்னலோரம் கொண்டுபோனாள். வார்த்த காசில் ஊசிமுனை அளவு குழிகள் இருக்கும். ஆமையின் முதுகு தேய்ந்த சோப்பு மாதிரி வழுவழுவென்றிருக்கும். லென்ஸை வைத்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியாது.

(அ) தங்கையுடையதுதான் அசல்.

(ஆ) அக்காவுடையதுதான்.

(இ) இரண்டுமே போலி. அசலைத் தாத்தா எப்போதோ விற்று...

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். எதிலும் யாரோ ஒருத்தி தலைகுனிந்து கப்பலேறுகிறாள், அல்லது தலைகுனிந்து வழியனுப்புகிறாள்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். எவாந்தியா காசுகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாற்றி மாற்றிப் பிடித்து, இரண்டு கைகளையும் மூடி முன்னே நீட்டினாள்.

"எந்தக் கை? நீ சொல்ற கையில இருக்கிறதுல ஓட்டை போட்டுடறேன்."

"அக்கா! அசலா இருந்தா?"

"இருந்தா என்ன? கழுத்துலதானே கிடக்கப்போவுது."

அம்மா கை நீட்டவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பினாள். "அங்க என்ன ஒளிஞ்சு நிக்கிறே? உனக்குத்தானே, நீ வந்து சொல்லு."

வந்தேன். என் இரண்டு கையிலும் காப்பித்தட்டு. பெரியம்மாவின் கைகள் இன்னும் நீட்டியபடியே இருக்கின்றன. நீங்கள் தொட்டுச் சொல்லுங்கள்.

மற்ற கையை மட்டும் விரிக்கச் சொல்லாதீர்கள்.