குளித்த மிதிகட்டை

1946ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் கொல்லிமலைக்கு வண்டிப்பாதை கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியோடு மாட்டுவண்டிகள் நின்றுவிடும். அதற்கு மேல் எந்தச் சாமானாக இருந்தாலும் ஆள் தலையில்தான் ஏற வேண்டும்.

சேலத்தில் அர்த்தனாரியின் மைக் செட் கடையில் செங்கோடன் மூன்று மிதிகட்டைகளைத் தரையில் வைத்து, மாற்றி மாற்றிக் கால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் ஸ்டீல் கிடார் கிடந்தது. அந்த வாத்தியத்தில் இடக்கை எஃகுக் கட்டையைத் தந்திகளின் மேல் நகர்த்திக்கொண்டிருக்கும், வலக்கை தந்தியைச் சுண்டிக்கொண்டிருக்கும். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் கை மிச்சமில்லை. அந்த வேலை காலுக்கு. கிடாரிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் போகும் கம்பியின் நடுவே, சின்னத் தகரப்பெட்டிக்குள் ஒரு திருகு இருக்கும். திருகில் நூலைச் சுற்றி மிதிகட்டையோடு கட்டியிருப்பார்கள். கால்விரல் பக்கம் அழுத்தினால் ஒலி ஏறும், குதிகால் பக்கம் சாய்த்தால் இறங்கும். யுத்த காலத்தில் பெங்களூர்ப் பட்டாளத்துச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தபோது ஒரு பாண்டு வாத்தியக்காரரிடம் செங்கோடன் இதைக் கற்றிருந்தான். பட்டாளம் கலைந்தபோது கிடாரும் அவனிடம் வந்தது. இப்போது சேலத்தில் ஒரு நாடகக் கம்பெனியில் பின்பாட்டுக்கு வாசிக்கிறான்.

முதல் மிதிகட்டை கிடாரோடு வந்தது. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் குதிகாலை முழுக்கச் சாய்த்தாலும் ஒலி முற்றாக அடங்காமல் ஓரத்தில் கசிந்தது. இரண்டாவது, அர்த்தனாரி பழைய லாரியிலிருந்து கழற்றி ஸ்ப்ரிங் வைத்துச் செய்த ஆக்சிலேட்டர். மூன்றாவது, தையல் மிஷினின் கால்தட்டைப் பாதியாக அறுத்து நடுவில் அச்சு கொடுத்தது. ஓட்டை ஓட்டையாகப் பூவேலை செய்த இரும்பு. அசைக்கும்போது கிறீச்சென்றது.

"ஏப்பா, லாரிக் கட்டைய எடுத்துக்க," என்றார் அர்த்தனாரி. அது அவருடைய கைவேலை. "மிதிச்சா ஏறும், உட்டா எறங்கும். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"உட்டா எறங்குதுல்லீங்க, அதாங்க யோசன. மலையேறுன காலு மறுநாளும் நடுங்கும். ஸ்ப்ரிங்கு அந்த நடுக்கத்தயும் சேத்துப் பாடும்."

"மலைக்காரனுக்கு என்னப்பா நடுக்கம்?"

"ஆறு வருசமா பூட்ஸு போட்டுச் சமதரையில நடந்த காலுங்க."

தையல் மிஷின் தட்டு விட்ட இடத்தில் நின்றது. அதுதான் அவனுக்கு வேண்டியது. அச்சில் விளக்கெண்ணெய் விட்டுக் கிறீச்சை அடக்கினான். குதிகாலைச் சாய்த்து வைத்தபடி தந்தியைச் சுண்டினான். எதுவும் கேட்கவில்லை. சுண்டிய முதல் அதிர்வு அடங்கியதும் கால்விரல்களை மெல்ல அழுத்தினான். ஒலி யாரும் தொடாமல் தானாகத் தொடங்கியது போல வந்தது. தந்தி ஓய ஓயக் கால்விரல்கள் இன்னும் அழுந்தின. ஓய்வது வெளியே தெரியவில்லை.

கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்த அர்த்தனாரி கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "தொண்டையக் கொண்டுபோய் கால்ல வெச்சிருக்கியேப்பா."

"அதுக்குத்தானுங்க வந்தது," என்றான் செங்கோடன்.

தொண்டை போனது அவனுடைய அக்கா சென்னம்மாளுக்கு. கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டில் அவர்கள் ஊரில் விதைப்புக்கு முன் சாமிக்குப் பொங்கல் வைக்கும்போது முதல் பாட்டு அவர்கள் வீட்டு முறை. அம்மா பாடினாள். அவளுக்குப் பின் சென்னம்மாள் பாடினாள். அதே ஊரில் மாதேஸ்வரனுக்குக் கட்டிக்கொடுத்த பிறகும் பிறந்த வீட்டு முறையாக அவளே வந்து பாடினாள். பாட்டு முடிந்ததும் முதல் இலை அவளுக்குப் போடுவார்கள். அதற்குப் பிறகுதான் ஊர் சாப்பிடும். தை மாதக் காய்ச்சலில் அவள் குரல் போய்விட்டது. காற்று மட்டும் வந்தது. பாட ஆளில்லாத வீட்டின் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வீடு ராசப்பனுடையது. அவர் மகள் முனியாயி நன்றாகவே பாடுவாள். செங்கோடனுக்குப் பாட வராது. சிறுவயதில் அவன் பாடியபோதெல்லாம் சென்னம்மாள் காதைப் பொத்திக்கொள்வாள். ஆனால் அந்தப் பாட்டின் ஒவ்வொரு இழுப்பும், எந்த இடத்தில் அவள் மூச்செடுப்பாள் என்பதும் அவனுக்குத் தெரியும். வாசிக்க முடியும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஊரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் வேலை. முறை தன் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று மாதேஸ்வரனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள் சென்னம்மாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

காரவள்ளிக்கு மாதேஸ்வரன் இரண்டு ஆட்களோடு இறங்கி வந்திருந்தான். ஒருவன் தலையில் பேட்டரி. இன்னொருவன் தலையில் ஒலிபெருக்கிக் குழாய். மிதிகட்டையை மாதேஸ்வரன் அரிசி மூட்டையின் மேல் வைத்துக் கட்டிக்கொண்டான். கிடாரைச் செங்கோடன் தோளில் மாட்டிக்கொண்டான். வால்வுகள் உடைந்துவிடும் என்று ஆம்ப்ளிபயரை, கூட வந்த அர்த்தனாரி யாரிடமும் கொடுக்கவில்லை. குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு, பாறைக்குப் பாறை உட்கார்ந்து, மலையையும் மலைக்காரர்களையும் திட்டிக்கொண்டு ஏறினார். பாதி வழியிலேயே செங்கோடனுக்குக் கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கியது. லாரிக் கட்டையை விட்டுவந்ததை நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

ஊர் எல்லையில் ஓர் ஓடை உண்டு. சாமிக்குப் போகும் எதையும் அதில் முக்கி எடுக்காமல் உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். பானை, வாழைத்தார், சேவல் எல்லாம் குளித்துத்தான் போகும். செங்கோடன் இதை மறக்கவில்லை. கை நனைத்துக் கிடார்ப் பையைத் தொட்டுக்கொண்டான். பின்தங்கிய அர்த்தனாரிக்காகத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஓடைப்பக்கம் பார்த்தபோது மாதேஸ்வரன் முழங்கால் தண்ணீரில் நின்று மிதிகட்டையை முக்கிக்கொண்டிருந்தான். அவசரமில்லாமல், ஓட்டைகளில் விரல் விட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

"யோவ்!" என்று பின்னாலிருந்து அலறினார் அர்த்தனாரி. "அதுக்குள்ள கரண்டு சாமான் இருக்குய்யா!"

"குளிக்காத சாமானு கோயிலுக்கு ஆகாதுங்க," என்றான் மாதேஸ்வரன். "அந்தப் பொட்டியயும் குடுங்க. ஒரு முக்குத்தான்."

அர்த்தனாரி பெட்டியை இன்னும் இறுக அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். கடைசியில் ஒரு பலா இலையால் பெட்டியின் மேல் நாலு சொட்டுத் தெளிப்பது என்று முடிவாயிற்று. அதற்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திருகு இருந்த தகரப்பெட்டியைச் செங்கோடன் கழற்றினான். தண்ணீர் கொட்டியது. எல்லாவற்றையும் வெயில் பாறையில் பரப்பினான். நூல் நனைந்து இறுகியிருந்தது. மாலையில் காய்ந்த பிறகு கட்டிப் பார்த்தபோது ஒலி ஏறும் இடத்திலெல்லாம் கரகரத்தது. அவன் பதறவில்லை. ஈரம் போகும்வரை திருகை முன்னும் பின்னுமாகத் திருகிக்கொண்டே இருந்தான். கரகரப்பு மெலிந்து மெலிந்து நின்றது. அச்சுக்கு மறுபடி விளக்கெண்ணெய் விட்டான். மாதேஸ்வரன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தான்.

"கோவமா மாப்ள?"

"இல்லீங்க மாமா. ஆனா இன்னொரு தடவ குளிப்பாட்டிப்போடாதீங்க. சளி புடிச்சுக்கும்."

மறுநாள் காலை கோயில் திடலில் ஊர் கூடியது. சாமைப் பொங்கல் பொங்கி இறக்கியிருந்தார்கள். செங்கோடன் பூட்ஸைத் திடலின் எல்லைக் கல்லுக்கு வெளியே விட்டுவிட்டு வந்து, வெறுங்காலோடு ஒரு மரப்பலகையில் உட்கார்ந்தான். கால் இன்னும் லேசாக நடுங்கியது. எதிரில் சென்னம்மாள், வழக்கமாகப் பாடும் இடத்தில் நின்றாள். அவன் கால் மிதிகட்டைக்குப் போனதும் ராசப்பன் எழுந்தார்.

"ஏனுங்க மாமா," என்றார் ஊர்க்கவுண்டர் காளியண்ணனைப் பார்த்து. "சாமிக்குப் பாடறத காலால மிதிச்சுப் பாடறதுங்களா? எனக்கு முறை வரோணும்னு சொல்லல. சென்னம்மா பாடுனா நானே முன்னால உக்காந்து கேப்பேன். இது நல்லால்லீங்க."

அவர் சொன்னதில் பொய்யில்லை. கூட்டத்தில் பலரும் தலையாட்டினார்கள். செங்கோடன் இதை எதிர்பார்க்கவில்லை. பெங்களூரிலோ நாடகக் கொட்டகையிலோ யாரும் அவன் காலைப் பார்த்ததில்லை. காலை எடுத்துவிட்டான்.

சென்னம்மாள் பேசத் தொடங்கியதும் திடல் அமைதியானது. அவள் குரலைக் கேட்க வேண்டுமானால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ராசப்பண்ணா, களத்துல சாமைய என்னத்தால மிதிச்சு உதுத்தீங்க? கையாலயா?"

ராசப்பன் பொங்கல் பானையைப் பார்த்தார்.

"அந்தச் சாமையத்தான இங்க பொங்கி வெச்சிருக்குது."

"மிதிச்சப்பறம் அதக் கழுவறோமில்ல?" என்றார் ராசப்பன்.

"இதயும் கழுவியாச்சுங்க," என்று மாதேஸ்வரன் எழுந்தான். "எல்லை ஓடையில நானே முக்குனேன்."

"நல்லா முக்குனாருங்க," என்றார் அர்த்தனாரி. "அதுக்கு நான் சாட்சி."

கூட்டம் சிரித்தது. ராசப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காளியண்ணன் சிரிக்காமல் மிதிகட்டையின் அருகில் வந்து குனிந்து, இரும்பைத் தொட்டுப் பார்த்தார்.

"வார்த்த இல்லாம பாட்டா கண்ணு?" என்றார் சென்னம்மாளிடம்.

"வார்த்தைய நான் வாயசைக்கறேனுங்க. சத்தம் அவன் குடுப்பான்."

காளியண்ணன் நிமிர்ந்தார். "காலக் கழுவிட்டு உக்காரச் சொல்லு. ஒண்ணு சொல்லிப்போடறேன். கடைசி இழுப்பு, பூசாரி தீபம் சுத்தி முடிக்கற வரைக்கும் அறுந்துபோகக் கூடாது. அறுந்துச்சுன்னா அடுத்த வருசம் ராசப்பன் ஊடு. அப்பறம் பேச்சு வேண்டாம்."

அது பழைய கட்டளைதான். சென்னம்மாளின் அம்மாவும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் பாடினாள்.

செங்கோடன் கால் கழுவி வந்து உட்கார்ந்தான். ஈரப்பாதம் இரும்பில் வழுக்கும் என்று நினைத்தான். வழுக்கவில்லை. பூவேலையின் ஓட்டைகளில் விரல்கள் சரியாகப் பதிந்தன. பூட்ஸோடு மிதித்தபோது தெரியாத சின்னச் சின்னச் சாய்வுகள் இப்போது தெரிந்தன. அவன் கிடாரைப் பார்க்கவில்லை, அக்காவின் வாயைப் பார்த்தான். அவள் மூச்செடுத்தபோது குதிகாலைச் சாய்த்துத் தந்தியைச் சுண்டினான். உதடுகள் திறந்தபோது விரல்களை அழுத்தினான். ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து பாட்டு வந்தது. அவள் வாய் விரிந்தால் கால்விரல்கள் அழுந்தின. மூடினால் குதிகால் சாய்ந்தது. அவள் மூச்செடுக்கும் இடத்தில் திடலில் சத்தமே இல்லை. மரத்தில் ஏதோ குருவி கத்தியது மட்டும் கேட்டது. முதல் இரண்டு அடிகளில் ஜனங்கள் குழாயைப் பார்த்தார்கள். பிறகு குழாயை மறந்து அவளைப் பார்த்தார்கள். கெண்டைக்கால் நடுங்கத்தான் செய்தது. ஆனால் தட்டு வைத்த இடத்தில் நின்றது. நடுக்கம் ஒலியில் ஏறவில்லை. முன்வரிசையில் முனியாயி பாட்டோடு சேர்ந்து தன்னையறியாமல் வாயசைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி இழுப்பு வந்தது. பூசாரி தீபத்தை எடுத்தார். காற்று அடித்ததால் ஒரு கையால் சுடரை மறைத்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றினார். தந்தி ஓயத் தொடங்கியது. செங்கோடன் கால்விரல்களை அழுத்தினான். இன்னும் அழுத்தினான். தட்டின் கடைசிவரை அழுத்தியாயிற்று. தீபம் பாதி வழியில் இருந்தது. பக்கத்துத் தந்தியையும் அதே ஸ்வரத்துக்குத்தான் கூட்டியிருந்தான். முதல் தந்தி மடிவதற்குள் பாதத்தை ஒரு நூல் பின்னுக்கு வாங்கி, அந்த இடைவெளியில் அதைச் சுண்டி, மறுபடி அழுத்தினான். சுண்டியது யாருக்கும் கேட்கவில்லை. ஒலி அறுபடாமல் போனது.

அப்போதுதான் சென்னம்மாளின் மூச்சு தீர்ந்ததைப் பார்த்தான். அவள் தோள்கள் தாழ்ந்தன. கழுத்து நரம்புகள் புடைத்து அடங்கின. அவள் வாயை மூடினால் அவன் காலை எடுக்க வேண்டும். வாய் மூடிய பிறகு வருவது பாட்டல்ல என்று ஊர் முழுவதும் கண்ணால் பார்த்துவிடும். தீபம் இன்னும் சாமியின் தோளைத் தாண்டவில்லை. சென்னம்மாள் தம்பியின் பாதத்தைப் பார்த்தாள். உள்ளே ஒரு துளி காற்றில்லாமல் வாயைத் திறந்தபடியே வைத்திருந்தாள். கண்களில் நீர் கட்டியது. அவன் விரல்களை அழுத்தியே வைத்திருந்தான்.

பூசாரி தீபத்தைக் கீழே வைத்தார். அவள் வாயை மூடினாள். அவன் குதிகாலைச் சாய்த்தான்.

காளியண்ணன் கை காட்ட, முதல் இலையைச் சென்னம்மாள் முன் போட்டார்கள். அவள் பொங்கலில் பாதியைப் பிரித்துத் தம்பி பக்கம் தள்ளினாள். இரண்டாவது இலையில் ராசப்பன் உட்கார்ந்தார். அர்த்தனாரி பேட்டரிக் கம்பிகளைக் கழற்றிவிட்டு வந்து மூன்றாவது இலையில் உட்கார்ந்தார். மிதிகட்டை வெயிலில் கிடந்தது. அதன் மேலிருந்த ஈரப் பாதச் சுவடு, அவர்கள் சாப்பிட்டு எழும்போது காய்ந்திருந்தது.