தேனில் குழைத்த மருந்து

பங்காருவுக்கு இரண்டு வயது முடிந்தும் நடை வரவில்லை. வயிறு மட்டும் பானை மாதிரி முன்னால் தள்ளி நின்றது. கையும் காலும் குச்சி. கண்ணில் மஞ்சள் ஏறும், இறங்கும். திருத்தணி ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டுகிற பரசுராமன், மகனைத் தூக்கிக்கொண்டு போகாத இடமில்லை. பள்ளிப்பட்டில் நாட்டு வைத்தியர், கனகம்மாசத்திரத்தில் மந்திரிக்கிறவர், அரக்கோணத்தில் ஒரு கம்பவுண்டர். எல்லோரும் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மாந்தம் என்றார், ஒருவர் ஈரல் கட்டி என்றார், ஒருவர் கண்ணேறு என்றார். நோய்க்குப் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. மருந்து கொடுக்கிற விதம் மட்டும் மாறவில்லை. பொடியோ சூரணமோ, தேனில் குழைத்து நாக்கில் தடவ வேண்டும்.

கௌரியம்மாள் ஒரு வேளையும் தவறவிடவில்லை. யுத்தத்தில் சர்க்கரைக்கு ரேஷன் வந்துவிட்டது. தேனுக்கு ரேஷன் இல்லை. மலைக்காட்டிலிருந்து இருளர்கள் கொண்டுவருவதை வாங்கிப் புட்டியில் ஊற்றி வைத்திருந்தாள். பிள்ளை வாயை இறுக்கிக்கொள்வான். அவன் முதலில் கற்ற சொல்லே 'வாணா'தான். அவள் மூக்கைப் பிடிப்பாள், வாய் திறந்ததும் விரலால் தடவிவிடுவாள். கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வேர்க்கும், முகம் வெளுக்கும், கக்குவான், துவண்டு தூங்கிப்போவான்.

"உள்ள இருக்கிற கெட்டது வெளிய வருது" என்பாள் கௌரியம்மாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றும் இருக்காது.

மகள் வள்ளிநாயகிக்குப் பதினைந்து வயது. பொழுது விடிந்தால் அடைந்தால் தம்பி அவள் இடுப்பில்தான். அம்மாவுக்குக் குளிர்ஜுரம் கண்டு படுத்துக் கிடந்த மாசம், நைனா பரசுராமனோடு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வார்டில் தம்பியோடு தங்கியதும் அவள்தான்.

அங்கே பங்காரு தேறினான். கஞ்சியும் பாலும் குடித்தான். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள். கண்ணில் மஞ்சள் இறங்கியது. பக்கத்துக் கட்டில் பிள்ளையின் மொட்டைத் தலையைத் தடவிச் சிரித்தான். டாக்டர் ஒளிவுமறைவில்லாதவர்.

"ஈரல் பெருத்திருக்குப்பா. ஏன் பெருத்திருக்குன்னு எனக்குத் தெரியல. எந்தப் புஸ்தகத்துலயும் இது மாதிரி பாக்கல. இங்க வந்ததும் நல்லா ஆயிட்டானே, வீட்ல என்ன சாப்பிடக் குடுக்கறீங்க?"

"சோறு, கஞ்சி, பாலுங்க" என்றார் பரசுராமன். மருந்தையும் பிரசாதத்தையும் யார் சாப்பாட்டில் சேர்த்துச் சொல்வார்கள்? வள்ளிநாயகியும் சொல்லவில்லை. அவளுக்கும் அது தோன்றவில்லை.

திரும்பி வந்த அன்றைக்கு கௌரியம்மாள், எங்கெங்கோ கேட்டு வாங்கிய வெல்லத்தைப் போட்டு மலைச்சாமிக்குப் பொங்கல் வைத்தாள். முதல் கவளம் பிள்ளைக்கு. அவன் அழ அழ ஊட்டினாள். சாயங்காலத்துக்குள் கை கால் வெட்டி இழுத்துக் கண் செருகிவிட்டது.

"பட்டணத்துல சிரிச்சிகினு கெடந்த புள்ள. வாசப்படி ஏறினதும் வருது" என்று எதிர் வீட்டு எல்லம்மாள் காதுபடவே சொன்னாள். "கௌரி கை அப்படி. இவனுக்கு மூத்தது போனதும் அந்தக் கைலதானே."

அன்றைக்குத்தான் வள்ளிநாயகிக்குத் தோன்றியது: ஆஸ்பத்திரியில் தேனும் இல்லை, வெல்லமும் இல்லை. மறுநாள் காலையில் மருந்தைத் தானே கொடுப்பதாக வாங்கிக்கொண்டு போய், கொல்லையில் கஞ்சித்தண்ணீரில் கரைத்துப் புகட்டினாள். மடக்மடக்கென்று குடித்தான். கக்கவில்லை. அதற்கடுத்த நாளும் கக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா தேனோடு வந்தாள், கக்கினான்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் செத்துப்போய்விடுவோம் போலிருந்தது. குழாயடியில் சபீராவைப் பிடித்தாள். குதிரைக்கு லாடம் அடிக்கிற சத்தாரின் மகள், வாய் ஓயாதவள்.

"இன்னாடி, நாளைக்குக் கிருத்திகைக்கு மலையேறப் போறவ மூஞ்சியா இது? குதிரை ஒதச்சிதா?"

வள்ளிநாயகி சொன்னாள். சபீரா குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்ப இனிப்புதானா? சொல்ல வேண்டியதுதானே. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கே?"

"எப்பிடிடி சொல்றது? சாமி பிரசாதத்த வெசம்னு சொல்லவா?"

"எங்க வீட்ல வந்து சொல்லு, எங்கம்மா ஒண்ணும் சொல்லாது" என்று சிரித்தாள் சபீரா. இவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். "அது மட்டும் இல்ல போல."

"நாகேந்திரன்" என்றாள் வள்ளிநாயகி.

நாகேந்திரன் பங்காருவுக்கு மூத்தவன். தாய்ப்பால் குடித்த வரையில் கொழுகொழுவென்று இருந்தான். ஆறாம் மாதம் மலைமேல் சர்க்கரைப் பொங்கல் தொட்டுச் சோறூட்டினார்கள். அன்றிலிருந்து கக்கல். மாந்தம் என்று மருந்து வந்தது, தேனோடு. அடுத்த கிருத்திகைக்கு அவன் இல்லை.

"தம்பிக்கு இதுதான்னு சொன்னா, அவனுக்கு எதுன்னு எங்கம்மாவுக்குப் புரிஞ்சிடும். எதிர் வீட்டுப் பொம்பள சொல்றது நெசம்னு ஆயிடும்."

குழாய்க்குக் கீழே வள்ளிநாயகியின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

மறுநாள் படியெல்லாம் கூட்டம். காவடிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி ஏறினார்கள். பரசுராமன் தோளில் பங்காரு. கௌரியம்மாள் வேண்டிக்கொண்டிருந்தது இதுதான்: சன்னதிப் பஞ்சாமிர்தத்தை ஒரு கை நிறையப் பிள்ளை தின்று, அது அவன் வயிற்றில் தங்க வேண்டும். தங்கிவிட்டால் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். பிள்ளை தேறுவானா என்று அவர்கள் கேட்டு அலைந்த கேள்விக்குப் பதில் அது.

பிராகாரத்தில் உட்கார்ந்து இலையைப் பிரித்தார்கள். வாழைப்பழமும் வெல்லமும் தேனும் கலந்த வாசனை. பங்காரு "வாணா, வாணா" என்று முகத்தை நைனாவின் மார்பில் புதைத்தான். கௌரியம்மாள் அவன் மூக்கைப் பிடித்தாள்.

வள்ளிநாயகி இலையைப் பிடுங்கினாள். இரண்டு கையாலும் அள்ளி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். தொண்டை அடைத்தது. விழுங்கினாள். இலையில் ஒட்டியிருந்ததையும் நக்கிவிட்டாள்.

"அய்யே! கொழந்த பிரசாதத்தப் புடுங்கித் துண்ணுது பாரு, வயசுக்கு வந்த பொண்ணு!" என்று யாரோ சிரித்தார்கள். கௌரியம்மாள் அறைந்தாள். பரசுராமன் இன்னொரு இலை வாங்கப் போனார். கூட்டத்தில் தீர்ந்துவிட்டது என்று வெறுங்கையோடு வந்தார்.

ராத்திரி பங்காரு தயிர்ச்சோறு தின்றுவிட்டுத் தூங்கினான். நைனா குதிரைக்குப் புல் போட்டுவிட்டு வெளியில் வண்டியிலேயே படுத்துவிட்டார். விளக்கை அணைத்து வெகுநேரமான பிறகு இருட்டில் அம்மாவின் குரல் வந்தது.

"ஏண்டி புடுங்கித் துன்னே?"

தூங்கிவிட்டதுபோல் நடிக்கலாம் என்று முதலில் நினைத்தாள் வள்ளிநாயகி. பிறகு எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், ஆஸ்பத்திரி, பொங்கல், கஞ்சித்தண்ணீர். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது.

"கஞ்சித்தண்ணில குடுத்தா கக்கலியா?"

"ஆங். ரெண்டு நாளும்."

"நெசமா?"

"பெத்தவ மேல சத்தியமா."

அம்மா எழுந்து உட்கார்கிற சத்தம் கேட்டது.

"நாகேந்திரனுக்கும் நான்தான் தடவினேன்."

"அவனுக்கு வேற நோவும்மா. அவனுக்கு ஜுரம்."

"ஜுரம் எங்கடி இருந்துச்சு? ஒடம்பு சில்லுன்னு கெடந்தான். வாயத் தொறக்க மாட்டேன்னான். நான்தான் மூக்கப் புடிச்சேன்."

அழுவாள் என்று வள்ளிநாயகி காத்திருந்தாள். அழவில்லை.

"ஒங்க நைனாகிட்ட சொல்லாத" என்றாள். "கஞ்சித்தண்ணிலதான் குடுக்கணும்னு வைத்தியர் சொல்லிட்டார்னு நானே சொல்லிக்கிறேன்."

விடிந்ததும் கௌரியம்மாள் கஞ்சி வைத்தாள். ஆற்றினாள். மருந்தைக் கரைத்தாள். பங்காரு தவழ்ந்து வந்து அவள் மடியைப் பிடித்துக்கொண்டு தானாக வாயைத் திறந்தான். அவள் கிண்ணத்தை மகளிடம் நீட்டினாள்.

"நீ குடு."

அதிலிருந்து அவள் அவனுக்கு ஊட்டவே இல்லை. குளிப்பாட்டினாள், துணி மாற்றினாள், தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். வாய்ப்பக்கம் மட்டும் கை போகாது. வயிறு மெல்ல வற்றியது. ஐப்பசியில் சுவரைப் பிடித்து நின்றான். மார்கழியில் நடந்தான். மலைச்சாமி கண்ணைத் திறந்துவிட்டார் என்று பரசுராமன் ஸ்டேஷனில் எல்லோரிடமும் சொன்னார். கௌரியம்மாள் ஆமாம் என்றாள்.

தை பிறந்ததும் கே.ஜி.கண்டிகையிலிருந்து வள்ளிநாயகியைப் பெண் கேட்டு வந்தார்கள். நல்ல இடம், கிணறு வைத்த நிலம். பையன் பெயர் பரந்தாமன். பரசுராமனுக்கு வாயெல்லாம் பல். வந்தவர்கள் மாசியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள்.

கதவோரம் நின்ற கௌரியம்மாள் முதல்தடவையாக வாயைத் திறந்தாள்.

"இப்போ இல்லீங்க. சின்னவன் தன் கையால எடுத்துத் துன்னக் கத்துக்கட்டும். அது வரைக்கும் அவ இங்க இருக்கணும்."

ஏன் என்று நைனா கேட்டார். அவள் உள்ளே போய்விட்டாள்.