இரும்புத் தொப்பிக்கு ஒரு பங்கு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு துணிக்கடை பொம்மைக்கு நான் வணக்கம் வைத்ததில்தான் இந்தக் கதை பிறந்தது.

கும்மிடிப்பூண்டியில் மாடி வீடு வாடகைக்கு இருக்கிறதென்று யாரோ சொல்லிப் போயிருந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே ஹாலில் ஒரு பட்டாளத்துக்காரர் விறைப்பாக நின்றார். காக்கி உடுப்பு, இடுப்பில் பித்தளைக் கொக்கி வைத்த கித்தான் பெல்ட், தோளில் சாக்குப்பை, கம்பளித்துணி சுற்றிய தண்ணீர்க்குடுவை, முழங்கால்வரை சுற்றிய கால்பட்டி. தலையில் மட்டும் ஒன்றுமில்லை. "வணக்கம் சார், மேல் வீடு காலியா இருக்கா?" என்றேன். பதில் இல்லை. பட்டாளத்துக்காரர் அல்லவா, காது கொஞ்சம் மந்தமாக இருக்கும் என்று சத்தமாக இன்னொரு தரம் கேட்டேன்.

"அவரு பேச மாட்டாருங்க" என்று சமையலறையிலிருந்து ஒரு அம்மாள் குரல் வந்தது. "அவருக்கு சோறும் வாணாம், சம்பளமும் வாணாம். இந்த ஊட்ல தொந்தரவு குடுக்காத ஒரே ஆம்பள அவருதான்."

அந்த அம்மாள் துர்காதேவி. தொந்தரவு கொடுக்கிற ஆம்பளை அவருடைய கணவர் ராஜவேலு. மாடி வீடு போன வாரமே போய்விட்டதாம். எனக்கு டீயும் இந்தக் கதையும்தான் மிச்சம்.

2

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். அடித்த வரிகளையும் அப்படியே விட்டிருக்கிறேன், நீங்களும் கொஞ்சம் சிரியுங்கள்.

"பழவேற்காடு ஏரியில் அந்தி சாய்ந்துகொண்டிருந்தபோது, என்றோ மடிந்த ஒரு போர்வீரனின்..."

(சீ. நடந்தது காலை வெயிலில். மடிந்தானா, ஊருக்குப் போய்ப் பிள்ளை குட்டி பெற்றானா, யாருக்குத் தெரியும்?)

"பொருள்களுக்கும் நினைவு உண்டு என்பதை..."

(யார் சொன்னது? என் வீட்டுக் குடைக்கு என்னையே நினைவில்லை. வெட்டு.)

"ராஜவேலு பேன்ட்டோடும் ஷூவோடும் ஏரிக்குள் இறங்கினார்."

இது தேவலை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ராஜவேலு பேன்ட்டோடும் ஷூவோடும் ஏரிக்குள் இறங்கினார். கரையில் நின்ற துர்காதேவி, "இன்னாங்க, நண்டு வாங்கத்தான வந்தோம்? நீங்களே பிடிக்கப் போறீங்களா?" என்று கத்தினார். அது அவர் காதில் விழவில்லை. முழங்கால் தண்ணீரில் ஒரு பெண் கையில் பிடித்திருந்ததைப் பார்த்தபிறகு அவருக்கு எதுவுமே காதில் விழவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்திக் கார் பாகம் செய்கிற இடம். ஞாயிறானால் பழைய இரும்புக் கடைகளில் குனிந்துகொண்டிருப்பார், லீவு கிடைத்தால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பட்டாளத்துச் சாமான் என்றால் உயிர். சட்டைப் பொத்தான், தொப்பிச் சின்னம், சாப்பாட்டு டப்பா, தோட்டாப் பை. ஒவ்வொன்றாகச் சேர்த்து, பெரியபாளையத்தில் மூடப்போன ஜவுளிக்கடையிலிருந்து பொம்மையையும் வாங்கி வந்து உடுத்திவிட்டார். "ஆளில்லாத பட்டாளத்துக்கு சுபேதாரு எங்க ஊட்டுக்காரு" என்பது துர்காதேவியின் அறிமுகம்.

தலைக்குத்தான் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து இரும்புத் தொப்பி, தாம்பாளத்தைக் கவிழ்த்த மாதிரி அகல விளிம்போடு இருக்குமே, அது. வருஷக்கணக்காகத் தேடுகிறார். இந்த ஆயுத பூஜைக்குப் பொம்மையைக் கம்பெனிக்குள் கொண்டுவந்து நிறுத்த மேனேஜர் வேறு சம்மதித்துவிட்டார். குடும்பம் குட்டியோடு எல்லோரும் வருவார்கள். மொட்டைத் தலையோடு ஒரு சிப்பாயை எப்படி நிறுத்துவது?

அந்தத் தொப்பிதான் இப்போது முழங்கால் தண்ணீரில், நிறைய இறாலோடு நிற்கிறது.

"எக்கா, அது இன்னா தெரியுமா ஒனக்கு?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

அந்த அம்மாள் பெயர் அங்காளம்மாள். அவரை மேலும் கீழும் பார்த்தார். "தெரியாம இன்னா. தொப்பி. ஷூவ கழட்டு நைனா, சேறு பிடுங்கிக்கும்."

4

அங்காளம்மாள் விஷயத்தில் நான் ஒரு தப்பு பண்ண இருந்தேன். முதல் வரைவில் அவருடைய கணவரைப் புயலில் சாகடித்து, அந்தத் தொப்பியை அவருடைய கடைசி நினைவாக ஆக்கிவிட்டேன். இரண்டு பக்கம் எழுதி நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெருமையாக ராஜவேலுவுக்குப் போனில் படித்துக் காட்டினால் மனுஷர் கத்துகிறார்: "இன்னா சார் நீ, பேஜாரு பண்ற! அந்தம்மா ஊட்டுக்காரு நல்லா கீறாரு. நேத்து கூட கேரம் போர்டு ஆடிக்கினு இருந்தாரு. அவரு காதுல உழுந்தா வலையப் போட்டு உன்ன இழுத்துக்கினு பூடுவாரு."

மன்னிக்கவும் ஐயா. உயிரோடு எழுப்பிவிட்டேன்.

தொப்பி அங்காளம்மாளுக்கு மாமியார் கொடுத்தது. கல்யாணமாகி வந்த மறுநாளே கையில் கொடுத்தாராம். மாமியாருக்கு அது எப்படி வந்தது என்று கேட்டால், "தண்ணில வந்துச்சு" என்பார். அந்தக் குப்பத்துப் பெண்கள் கூட்டாகத்தான் ஒரு படகில் போய் இறாலுக்கு இறங்குவார்கள். இரண்டு பேர் வலையை இழுக்க, மற்றவர்கள் கையால் தடவிப் பிடித்துப் பறி என்ற ஓலைக்கூடையில் போடுவார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, தொப்பியால் அளந்து பங்கு. ஆளுக்கொரு தொப்பி, கும்பாரமாகக் குவித்து. மிச்சமிருந்தால் மறுபடி ஒரு சுற்று.

(தராசு இல்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. வியாபாரி கொண்டுவருவார். அது அவரோடு சண்டை போட. தங்களுக்குள் பிரித்துக்கொள்ளத் தொப்பி.)

"வில போட்டுக் குடுங்கக்கா" என்று ராஜவேலு கெஞ்சினார்.

"விக்க மாட்டேன்."

அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அங்காளம்மாள் நகரவில்லை. கடைசியில் பக்கத்திலிருந்த பெண்கள்தான் பரிதாபப்பட்டு, "எக்கோவ், ஆளு தெனமும் கனாவுல தொப்பியப் பாக்குறாரு போலக்குது, எதுனா வழி சொல்லேன்" என்றார்கள்.

அங்காளம்மாள் யோசித்தார். "சரி, இதே மாதிரி ஒண்ணு செஞ்சிக்கினு வா. எங்க கைக்குத் தோதா இருந்தா அப்பால பேசலாம்."

ராஜவேலு கையெடுத்துக் கும்பிட்டார். குதிக்காத குறை.

5

(இந்த அத்தியாயத்தைச் சந்தோஷமாக எழுதுகிறேன். கதை எழுதுகிறவனுக்குத் தன் ஆள் தப்பு செய்யப்போவது முன்னாலேயே தெரிவதைப்போல ஒரு சுகம் கிடையாது.)

தெரிந்தவர் பட்டறையில் பிரஸ் இருந்தது. ராஜவேலு பழைய தொப்பியை அளந்துவந்த கணக்குக்கு அச்சு செய்தார், தகடு வெட்டினார், அழுத்தினார். முதல் தகடு கிழிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் சுருங்கின. சுருங்கிய இரண்டும் இப்போது துர்காதேவியின் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க உதவுகின்றன. நாலாவது வந்தது பாருங்கள், அடடா! வளைவு, விளிம்பு, ஆழம், எல்லாம் அசல். ஒரேயொரு வித்தியாசம். பழைய தொப்பியின் உச்சியில் விரல்நுனி அளவு ஓட்டை இருந்தது. உள்ளே வைக்கும் தோல்பட்டையை முடுக்கிய திருகாணி எப்போதோ போய்விட்டது, ஓட்டை மட்டும் நின்றது. ராஜவேலுவின் பிரஸ் ஷாப்பில் ஓட்டை விழுந்த சரக்கு கழிவென்று நேராகச் சிவப்புத் தொட்டிக்குப் போகும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓட்டையைக் கண்டால் அவருக்கு ஆகாது. அதனால் புதுத்தொப்பியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. "அசலே இவ்ளோ சுத்தமா இருக்காது துர்கா" என்று மார்தட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை குப்பமே கூடிவிட்டது. அங்காளம்மாள் புதுத்தொப்பியை வாங்கினார். தட்டிப் பார்த்தார், எடை பார்த்தார், இடுப்பில் அணைத்துப் பார்த்தார். தண்ணீரில் அமிழ்ந்திருந்த பறியிலிருந்து இறாலை அள்ளினார். தூக்கினார். அப்படியே நின்றார்.

பழைய தொப்பியில் அள்ளினால் ஏரித்தண்ணீர் ஓட்டை வழியாக ஒழுகிப்போய் இறால் மட்டும் நிற்கும். இதில் பாதி இறால், பாதி தண்ணீர். இறால்கள் சாவகாசமாக மீசையை ஆட்டிக்கொண்டு மிதந்தன.

"இன்னா நைனா, தண்ணிக்கும் பங்கு போடச் சொல்றியா?"

குப்பம் வெடித்துச் சிரித்தது. சந்திரகலா என்ற பெண் சிரித்துச் சிரித்துத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதிகமாகச் சிரித்தது துர்காதேவி. ராஜவேலு ஒரு நிமிஷம் முகம் சிவந்து நின்றார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை. "முப்பது வருசமா ஓட்டைய ரிஜெக்ட் பண்ண கை எக்கா இது! அதுக்கு இன்னா தெரியும்?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

படகு பழுது பார்க்கிறவரிடம் ஓடி, துளை போட்டுக்கொண்டு வந்தார். இறால் மீசை மாட்டாதபடி பிசிறை அரத்தால் தேய்த்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டை போட்ட சரக்கை 'ஓகே' என்று கொடுத்தார்.

6

பங்கு பிரித்தார்கள். ஈரமணலில் வரிசையாகக் குவியல்கள். புதுத்தொப்பி ஒழுகியது, கும்பாரம் நின்றது, ஒருத்தியும் குறை சொல்லவில்லை. ராஜவேலுவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மற்றவன் பயன்படுத்திய பொருளையே தேடித் தேடிச் சேர்த்த மனுஷன். தன் கையால் செய்த ஒன்றை நாலு பேர் பயன்படுத்துவதை இப்போதுதான் பார்க்கிறார்.

ஆளுக்கெல்லாம் ஆனபிறகும் அங்காளம்மாள் நிறுத்தவில்லை. "வலைக்கு ஒண்ணு" என்று ஒரு குவியல் வைத்தார். "படகுக்கு ஒண்ணு." பிறகு, "தொப்பிக்கு ஒண்ணு."

"தொப்பிக்குமா?"

"பின்ன? அதுவும் வேல செய்யிதுல்ல. தொப்பி யாருதோ அவங்களுக்குப் போவும் அந்தப் பங்கு."

இத்தனை ஞாயிறு அந்த அம்மாள் ஏன் தலையாட்டவில்லை என்று ராஜவேலுவுக்கு அப்போதுதான் உறைத்தது. இறால் பாடு கிடைத்த நாளெல்லாம் அந்த ஓட்டைத் தொப்பி அவருக்கு இன்னொரு ஆள் பங்கைச் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் இவர் பொம்மை தலையில் கவிழ்க்கக் கேட்டுக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எக்கா, புதுசு ஒனக்கே. அதோட பங்கும் ஒனக்கே" என்று பதறினார்.

"நீ பாடுபட்டு செஞ்சது எப்டி எனுக்கு சொந்தமாவும்? புதுசு உன்னுது. எங்களாண்ட வேல செய்யட்டும். பழசு என்னுது. உன்னாண்ட நிக்கட்டும். பழசு உங்க ஊட்ல இருக்குற வரைக்கும் புதுசோட பங்க நான் எடுத்துக்குறேன். ஆனா விக்கல, பாத்துக்கோ. என் மருமவ வந்தா அவ கையில குடுக்கணும். என்னிக்கு வந்து கேட்டாலும் குடுத்துடணும். சரின்னா எடுத்துக்கோ."

இதுதான் இடி. ராஜவேலுவிடம் இரவல் சாமான் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு பொத்தான்கூட. திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தோடு ஒரு பொருளை வீட்டில் வைத்திருக்க அந்த மனுஷனால் ஆகாது, தூக்கம் போய்விடும். துர்காதேவி காதோரம் வந்து, "இரவல் சீலைய நம்பி இடுப்புக் கந்தைய எறிஞ்ச கதையா ஆயிடப்போவுது, யோசிச்சி சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே, "ஆனா பொம்மைக்கு நல்லாத்தான் இருக்கும், அந்தத் தொப்பி" என்றும் சொன்னார்.

இந்த இடத்தில் என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் அவர் சரி என்கிறார். ஆயுத பூஜையில் சிப்பாய் தலைநிமிர்ந்து, லேசாக இறால் வாசனையோடு, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு நிற்கிறான். அதற்கப்புறம் அங்காளம்மாளின் மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம் ராஜவேலு எழுந்துபோய்த் தொப்பியை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்வார். இன்னொன்றில் அவர் கும்பிட்டு, "அது இங்கயே இருக்கட்டும்கா" என்று வெறுங்கையோடு வண்டி ஏறுகிறார். தொப்பி எங்கே இருக்கிறது, என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்த நிம்மதியோடு, அந்த ஏக்கத்தோடும். மூன்றாவதாக, அங்காளம்மாள் மனமிரங்கி இனாமாகக் கொடுத்துவிடுவதாகவும் எழுதினேன். (அடித்துவிட்டேன். அந்த அம்மாள் படித்தால் என்னைத் தண்ணீரில் அமுக்குவார்.)

எனக்குத் துணிச்சல் இல்லை. முதல் முடிவை எழுதினால் எல்லாவற்றையும் சொந்தமாகவே வைத்துப் பழகிய ராஜவேலுவுக்குத் தூக்கம் போய்விடும், இரண்டாவதை எழுதினால் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீங்கள் வாருங்கள். ஷூவைக் கழற்றிவிட்டு இந்த முழங்கால் தண்ணீரில் ராஜவேலு நின்ற இடத்தில் நில்லுங்கள். வெயில் ஏறிவிட்டது. பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உங்கள் வாயையே பார்க்கிறார்கள். அங்காளம்மாள் பழைய தொப்பியை இரண்டு கையாலும் உங்கள் முன்னால் நீட்டிப் பிடித்திருக்கிறார்.

"இன்னா யோசிக்கிற? சட்டுனு சொல்லு நைனா, கை வலிக்கிது. எறாவும் கெட்டுப்பூடும்."