செத்தவர் வீட்டு அடுப்பு

...இருமிவிடாதே சாமி, பொன்னம்மா அக்கா வாசலைத் தாண்டுகிற வரைக்குமாவது இருமிவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே பூங்காவனம் மரவள்ளிக் கிழங்குச் சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "கருமாதி முடியிற வரைக்கும் அடுப்புப் பக்கமே போகாதடி, துஷ்டி வீட்டுல அடுப்பு எரியக் கூடாது, நான் கொண்டாந்து தாறேன்" என்று பக்கத்து வீட்டு அக்கா அவளுடைய வெறுங்கழுத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நல்ல மனுஷி, அந்த நல்ல மனசுதான் இப்போது கழுத்தை நெரிக்கிறது... செத்துவிட்டான் என்று காஜா பேராங் ஊரே கூடி அழுத அவள் புருஷன் மருதமுத்து மேலே பரணில், அத்தாப்பு ஓலைக் கூரைக்குக் கீழே, கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு காய்ச்சலில் வெடவெடத்துக் கிடக்கிறான். சுடுதண்ணி, ஒரு வாய் சுடுதண்ணி என்று விடிந்ததிலிருந்து கேட்கிறான். அடுப்பை மூட்டாமல் சுடுதண்ணிக்கு எங்கே போவாள்? மூட்டினால் அத்தாப்பு இடுக்கெல்லாம் புகை வந்து தெருவே பார்க்குமே, புருஷன் செத்த வீட்டில் யாருக்கடி சமையல் என்று கேட்குமே...

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன இலவசப் படத்தால் வந்தது. டிக்கெட் வேண்டாம், எல்லாரும் வாங்க என்று ஜப்பான்காரன் தண்டோரா போட்டான், அரிசியைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்கான சனம், கண்ணாவது நிறையட்டும் என்று போனது. கொட்டகையில் படம் காட்டுகிற மெஷினை ஓட்டியது மருதமுத்துதான். பாதிப் படத்தில் விளக்கைப் போட்டுக் கதவைச் சாத்தி, ஆம்பிளைகளையெல்லாம் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றினார்கள், மெஷின் ஓட்டினவனையும் சேர்த்துத்தான். கெமாஸ் ஸ்டேஷன் தாண்டி ரயிலிலிருந்து குதித்து, ரப்பர் காடு காடாக நடந்து, காய்ச்சலோடு பின்கதவைத் தட்டினான். மறுநாளே ஆள்பிடிக்கிற கங்காணி தேடி வந்தான். என்ன செய்வாள்? குதிச்சவரு செத்துட்டாருன்னு சேதி வந்துச்சே என்று அலறிக்கொண்டு அவன் கண்முன்னாலேயே தாலியைக் கழற்றினாள். கட்டினவன் மேலே பரண் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐயோ, எந்தப் பெண்ணுக்கு வரும் இந்தக் கதி!

அந்தக் கொட்டகையில்தானே எல்லாம் ஆரம்பித்தது... பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்திருப்பாள், திரையில் கதாநாயகனும் கதாநாயகியும் கிட்டே வருவார்கள், இன்னும் கிட்டே, சட்டென்று ஆளைக் காணோம், திரை முழுக்க நெருப்புத்தான் எரியும், ஆம்பிளைகள் பக்கம் விசில் பறக்கும். கல்யாணமான புதிதில் அவனிடம் கேட்டாள், எதுக்குங்க அந்த இடத்துல போய் நெருப்பைக் காட்டுறாங்க? "அட மண்டு, மத்ததைக் காட்ட முடியாதுல்ல, அதுக்குத்தான்." அப்புறம் அவள் அடுப்பு ஊதும்போதெல்லாம் பின்னால் வந்து நின்று, "பூங்காவனம், நம்ம சீன் வந்துருச்சு" என்பான். சீ, போங்க, அரிசி குழைஞ்சிரும் என்பாள். குழைந்துதான் போகும். ஒருநாள் மெஷினில் அறுந்துபோன அந்த நெருப்பு சீன் பிலிம் துண்டை ஒட்டாமல் எடுத்துவந்து கொடுத்தான், பத்திரம், இது பத்திக்கிட்டா தண்ணிக்கும் அடங்காது என்றான். அதை இன்னும் கூறைப்புடவை மடிப்பில்தான் வைத்திருக்கிறாள்.

மழை பிடித்துக்கொண்டது. அவன் தண்ணி கேட்டு நேரமாயிற்று இல்லையா? தூங்குகிறானா? காலையில் இருமல் வந்தபோது ஏறிப்போய் வாயில் துணியை வைத்து அமுக்கினாள், கண் பிதுங்க அவளையே பார்த்தான்... கருமாதியும் ஆச்சு மண்ணாங்கட்டியும் ஆச்சு! அடுப்பில் ரப்பர்ப் பால்மரக் கட்டையை அடுக்கினாள், எல்லாம் ஈரம். நெருப்புப் பெட்டிக்கு எங்கே போக, ஊரிலேயே கிடையாது. வீட்டில் நெருப்பு என்று இருந்தது அவன் போட்டோவுக்கு முன்னால் எரிகிற விளக்கு ஒன்றுதான். செத்தவனுக்கு ஏற்றிய விளக்கிலிருந்தா அடுப்புக்கு எடுப்பது? அவன் சாகவில்லையே, அப்புறம் என்ன பாவம்? கூறைப்புடவையை உதறிப் பிலிம் துண்டை எடுத்தாள், விளக்கில் நீட்டினாள். புஸ்ஸென்று சீறிப் பற்றியது. கை சுட்டது, விடவில்லை, ஓடிப்போய்க் கட்டைக்குள் செருகினாள். குப்பென்று எரிந்தது, ஈரக்கட்டைகூடப் பிடித்துக்கொண்டது, மஞ்சள் மஞ்சளாகப் புகை கிளம்பிப் பரணைப் போய் மூடியது.

தண்ணீர்ப் பானையைத் தூக்கி வைத்தாள். துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு ஏணிக்கடியில் நின்றாள், இருமினால் ஏறிப்போய் அமுக்க வேண்டுமே. அவளுக்கே கண் எரிந்தது, தொண்டை கமறியது, அடக்க முடியாமல் இருமினாள். மேலே சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் பார்ப்போம்... இவ்வளவு புகையில் நல்ல மனுஷனுக்கே மூச்சுத் திணறுமே, தூங்குகிறவனாக இருந்தாலும் எழுந்துவிடுவானே...

"ஏங்க" என்றாள் மெதுவாக. அப்புறம் வாய்விட்டே, "இருமுங்களேன்... பரவால்ல, இருமுங்க."

வெளியே மழையோடு பொன்னம்மா அக்காவின் குரல், "பூங்காவனம்! என்னடி பொகை?" வரட்டும், யார் வேண்டுமானாலும் வரட்டும், கங்காணிகூட வரட்டும், ஒரே ஒரு இருமல் போதும். தண்ணீர் கொதித்துப் பானை விளிம்பில் வழிந்தது. ஏணியில் ஒரு கால் வைத்தாள், எடுத்துவிட்டாள், திரும்பவும் அடுப்புக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்தாள். நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரணைப் பார்க்காமல் இருக்கத்தான் இதைப் பார்க்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது, ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை, இன்னொரு கட்டையைத் தள்ளிவிட்டாள்.