பங்கருக்கு முதிரைத் தளம்

குருநகரில் நாலடி தோண்டினால் தண்ணீர். கார்த்திகை மழை தொடங்கியதும் இன்னாசித்தம்பி செல்லடிக்குப் பதுங்க வெட்டிய பங்கருக்குள் முழங்காலளவு நின்றது. மகள் யசிந்தாவோ பிள்ளை பெற்று ஒரு மாதமும் ஆகாத பச்சை உடம்புக்காரி. புருஷன் மன்னாரில் அகப்பட்டு நின்றான். குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்தால் சன்னி பிடிக்கும் என்று தகப்பன் அவளை இறங்கவே விடவில்லை. செல்லடிக்கும்போது தாய் கத்தரீனா குழந்தையோடு பங்கருக்குள் இறங்குவாள். யசிந்தா வீட்டுக்குள் கட்டிலின் கீழே படுத்துச் செபமாலை சொல்லுவாள்.

தண்ணீருக்கு மேலே பலகைத் தளம் போட்டால் சரி. பக்கத்து வீட்டு வின்சன்ற் மாம்பலகை கொண்டுவந்து போட்டான். அன்றைக்கே அடித்திருக்கலாம். ஆனால் இன்னாசித்தம்பி வள்ளம் கட்டிய மனிதர். மரம் என்று வந்தால் ஆண்டவரோடும் வாதாடுவார். பலகையில் பெருவிரல் நகத்தை ஊன்றினார். பள்ளம் விழுந்தது.

“உது தண்ணியிலை ரெண்டு மாரி நிக்காது, உழுத்துப்போம். சண்டிலிப்பாயிலை மேல்வீடு ஒண்டு பிரிக்கினம். தளமெல்லாம் முதிரையாம், நல்ல வைரமரம். மழை விடட்டும், போய் எடுத்துக்கொண்டு வாறன்.”

“இஞ்சாருங்கோ, இப்போதைக்கு உதைப் போடுங்கோவன்,” என்றாள் கத்தரீனா.

“அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு,” என்று வாயை அடைத்துவிட்டார்.

மழை விட்ட அன்று காலையிலேயே போனார். ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்து, வைரமில்லாமல் வெள்ளை ஓடியதையெல்லாம் ஒதுக்கி, நல்லதாகத் தேர்ந்து சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். ஒழுங்கை முகப்பில் சனம் கூடி நின்றது. செல் அவருடைய வீட்டின் மேல்தான் விழுந்திருந்தது.

கத்தரீனா சேறு வடியும் சேலையோடு, குழந்தையை அணைத்தபடி நின்றாள்.

“தண்ணிக்கை இறங்கடி பிள்ளையெண்டு கத்தினன். அப்பா ஏசுவார் எண்டாள்.”

மகளை அடக்கம் செய்த பிறகு அவர் தளம் போட்டார். முதிரையில் ஆணி இறங்கவில்லை. துறப்பணத்தால் துளைத்துத் துளைத்து அடித்தார், அழுது அழுது அடித்தார். மரத்தைப் பற்றி அவர் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. அதை நினைக்கத்தான் நெஞ்சு வெடித்தது. அந்த மாம்பலகை ஒரு காலைப்பொழுதுக்கு நின்றிருந்தால் போதும். அதைவிட அவருக்கு என்ன வேண்டியிருந்தது?

மறுபடி செல்லடித்தபோது மூவருமாய் உள்ளே இறங்கினார்கள். கத்தரீனா பேரனைப் பலகையில் கிடத்தினாள். இப்போது ஏசுவாள், ஏசட்டும் என்று அவர் காத்திருந்தார். அவள் உள்ளங்கையால் தளத்தைத் தடவினாள்.

“துளி ஈரமில்லையப்பா. என்ரை பிள்ளை வந்து இருந்திருப்பாள்.”

அவ்வளவுதான். இன்னாசித்தம்பி எழுந்து, மேலே செல் கூவிக்கொண்டு போகும்போதே வெளியில் ஏறப் பார்த்தார். கத்தரீனா அவருடைய இடுப்புச் சாரத்தை எட்டிப் பிடித்தாள்.

“இருங்கோ. இவனைப் பாக்க ஆள் வேணும்,” என்று இழுத்துத் தன் பக்கத்தில் இருத்தினாள்.